விதியில் மூன்று, வண்டியில் இரண்டு, டிராக்டரில் ஒன்று

அரையாண்டுக்கு ஒருமுறை வீட்டு வரி கட்டும்போது குப்பைக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். காசு கொடுத்து வாங்கும் சேவை என்றால் நல்லது கெட்டது சொல்லும் உரிமையும் உண்டு. குக்கருக்கும் பிரியாணிக் கடைக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறார்கள். தினமும் வாசலுக்கு வரும் குப்பை வண்டியைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. சரி, நானே எழுதிவிடுகிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். திருப்பூருக்கு ஒரே பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் இருக்கும் ஒரு நகராட்சி. நான் வீட்டிலேயே ஓவர்லாக் ஒன்று, பேட்லாக் ஒன்று என்று இரண்டு தையல் மெஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் தைப்பவள். வீட்டில் மாமியார், வீட்டுக்காரர், காலேஜ் போகும் மகள். ஆக, எங்கள் வீட்டில் சமையல் குப்பை உண்டு, மாமியாரின் மாத்திரை அட்டையும் இன்சுலின் ஊசியும் உண்டு, மகளுக்கு வரும் ஆன்லைன் அட்டைப்பெட்டி உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே துணிக் குப்பை உண்டு. ஒரு குப்பை வண்டியைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வீடு கிடைக்காது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வண்டி வருகிறது. எங்கள் பக்கம் ஆத்துத் தண்ணி எந்த நாள், எந்த நேரம் திறப்பார்கள் என்று தண்ணி திறக்கிறவருக்கே தெரியாது. ஆனால் பேட்டரி வண்டி காலை ஏழு மணிவாக்கில் முக்கில் திரும்பிவிடும். பாட்டுச் சத்தம் கேட்டதும் எடுத்துப்போக நேரம் இருக்கிறது, ஓடத் தேவையில்லை. மழை நாளிலும் வந்தது. தீபாவளிக்கு மறுநாள் கூட, கொஞ்சம் தாமதமாக, வந்துவிட்டது. எங்கள் வெயிலுக்குச் சோறும் குழம்பும் ஒரு நாள் தங்கினாலே புழு வைத்துவிடும், அதனால் தினசரி வருவது என்பது சின்ன விஷயமே இல்லை.

இதை வெளிநாட்டோடு ஒப்பிட எனக்கு ஒரு வழி இருக்கிறது. அண்ணன் மகன் மெல்போர்னில் இருக்கிறான். அங்கே தொட்டியின் மூடி நிறத்தை வைத்துப் பிரிக்கிறார்கள்: சிவப்பு மூடி பொதுக் குப்பைக்கு, மஞ்சள் மறுசுழற்சிக்கு, பச்சை தோட்டக் கழிவுக்கும் உணவுக் கழிவுக்கும். கண்ணாடிக்கென்றே ஊதா மூடி போட்ட தொட்டியை விக்டோரியா மாநிலத்தில் புதிதாகக் கொண்டுவருகிறார்கள். உடைந்த கண்ணாடி காகிதத்தோடு கலந்தால் காகிதமும் வீண், கண்ணாடியும் வீண் என்பதால். சொன்ன நாளில் தொட்டியைத் தெருவோரம் உருட்டி வைத்துவிட்டால், லாரியில் இருந்து ஒரு இரும்புக் கை நீண்டு தூக்கிக் கொட்டிக்கொண்டு போய்விடுமாம். மனிதக் கை படுவதில்லை. ஆனால் எந்தத் தொட்டியும் தினமும் காலியாவதில்லை. வாரம் ஒருமுறை, சிலது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. "அத்தை, வெயில் காலத்துல மூடியத் திறந்தா நம்மூரு சந்தைப்பேட்டை ஞாபகம் வருது" என்றான். அந்த வகையில் நம் வண்டிதான் ஒசத்தி. மற்ற வகைகளில் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வண்டியில் இரண்டு தடுப்பு. பச்சை மக்கும் குப்பைக்கு, நீலம் மக்காத குப்பைக்கு. பின்னால் கம்பியில் இரண்டு மூன்று சாக்குகள் தொங்கும், அவற்றைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். வண்டியோடு வரும் அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். தூய்மைப் பணியாளர் என்று முதுகில் எழுதிய பச்சைக் கோட்டு. வீதிக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். முதல் சட்டம், கவரில் கட்டிக் கொடுத்தால் வாங்க மாட்டார்.

"ஏனுங் அம்மிணி, கட்டிக் குடுத்தீங்கன்னா உள்ள என்ன இருக்குதுன்னு நாந்தானுங்க பிரிச்சுப் பாக்கோணும். வாளியில போட்டாங்காட்டி கொட்டிப் பாத்தாலே தெரிஞ்சு போகுமுங்க."

ஞாயமான பேச்சு. எதிர் வீட்டில் இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் அவர்களும் வாளியோடு வந்தார்கள். ஒரு விளம்பரப் பலகையும் ஒரு நோட்டீசும் செய்யாததை அந்த அக்கா வாங்க மறுத்தே செய்துவிட்டார்.

மக்கும் குப்பையில் என்ன என்ன போடலாம் என்பது பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் நுணுக்கமானது. காய்த்தோல், மிஞ்சின சோறு, டீத்தூள், முட்டை ஓடு, கறிக்கடையில் இருந்து வந்த எலும்பு எல்லாம் வாங்குகிறார். வாழையிலையை நாலாகக் கிழித்துப் போட்டால் சந்தோஷப்படுவார். பூமாலையில் நூலை எடுத்துவிட வேண்டும், நைலான் நூல் அரைக்கும் மெஷினில் சுற்றிக்கொள்கிறதாம். வாசலில் கட்டிய திருஷ்டி எலுமிச்சம்பழத்தில் கம்பி இருந்தால் கம்பியைத் தனியாக உருவ வேண்டும். டீ பேக்கில் பின் இருக்கக்கூடாது. தேங்காய்த் தொட்டியைப் பச்சையில் போட்டால் எடுத்துக் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். மக்காது என்பதல்ல, அது மக்க ஆகும் காலத்துக்கு உர மையம் காத்திருக்காது. அதைச் சாக்கில் சேர்த்து வைத்தால் தொட்டி வாங்க ஆள் வருகிறார்கள், காங்கேயம் பக்கம் கொப்பரையும் தொட்டிக்கரியும் பெரிய தொழில் ஆச்சே.

வாளியில் தண்ணி நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் வீட்டுக்காரி வேலையில் முக்கால்வாசி. குழம்பு, ரசம் மிஞ்சினால் வடிகட்டி, சக்கையை மட்டும் போட வேண்டும். அடியில் தென்னைநார்த் தூள் ஒரு கை தூவுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் கயிறு திரிக்கும் ஆலைகளில் மலை மலையாகக் குவியும் சமாசாரம்தான், இப்போது கட்டியாக அழுத்தி நர்சரியில் விற்கிறார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணியைக் குடித்துக்கொள்ளும், நாற்றமும் அடங்கும். நார்த்தூள் இல்லாத நாளில் கிழித்த தினசரித் தாள் போதும். வாளிக்குள் கறுப்பு கவர் விரிக்கவே கூடாது. அந்தக் கவரைக் கடைசியில் என்ன செய்வீர்கள்?

என் மாமியாருக்கு இந்தப் பாடமெல்லாம் வேடிக்கை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் எருக்குழி இருந்த வீட்டில் வாழ்ந்தவர். கழுநீர்ச் சட்டியில் விழுவது மாட்டுக்கு, மாடு தின்னாதது குழிக்கு, அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க, வருசத்துக்கு ஒருமுறை குழியை வெட்டிக் காட்டுக்கு வண்டி ஏற்றினால் முடிந்தது. "இதுக்கொரு வண்டி, அதுக்கொரு பாட்டு" என்று சிரிப்பார். ஆனால் அவர் காலத்துக் குழியில் ஷாம்பு பாக்கெட் விழவில்லை. அவருக்குப் போடும் ராத்திரி டயப்பரும் விழவில்லை. அதை நான் சொன்னதும் சிரிப்பு நின்றது.

மகளிர் குழுவில் ஒருமுறை எங்களை நகராட்சியின் நுண் உர மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். இந்த மதிப்புரையில் நான் முழு மார்க் போடும் இடம் அதுதான். தகரக் கொட்டகை, வரிசையாகச் செங்கல் தொட்டிகள், சுவரில் காற்றுக்காக இடைவெளி. வந்த குப்பையை மேடையில் கொட்டிக் கையால் பொறுக்கி, மெஷினில் அரைத்து, சாணிக் கரைசல் தெளித்துத் தொட்டியில் நிரப்புகிறார்கள். அங்கே இருந்த மேற்பார்வையாளர் தம்பி நன்றாகச் சொல்லிக் கொடுத்தார். சமையல் கழிவில் தழைச்சத்தும் ஈரமும் அதிகம், சருகிலும் நார்த்தூளிலும் கரிச்சத்து அதிகம். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து என்ற கணக்கில் இருந்தால் நாற்றமில்லாமல் மக்கும். சோறும் குழம்பும் மட்டும் இருந்தால் அழுகும். நடுத்தொட்டியில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி எடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கை வைக்க முடியவில்லை. உள்ளே 55, 60 டிகிரி வரை ஏறுமாம். அந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகின்றன. கிளறிக் கிளறி ஒன்றரை, இரண்டு மாதத்தில் உரம்.

வரும்போது ஆளுக்கொரு பை உரம் கொடுத்தார்கள். மண் வாசனை, கறுப்பு, கையில் பிசுபிசுப்பு இல்லை. மொட்டை மாடியில் கத்திரிக்கும் கறிவேப்பிலைக்கும் போட்டேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பையை முழுக்கக் கொட்டிப் பரப்பிப் பார்த்தேன், செக்கிங் வேலை பார்த்த கண்ணுக்கு டேமேஜ் தேடாமல் இருக்க முடியாது. விரல்நகம் அளவு பால் பாக்கெட் மூலை ஒன்று, ஷாம்பு பாக்கெட்டின் வெள்ளித் துணுக்கு இரண்டு மூன்று, ஒரு வளையல் துண்டு. நகர உரத்துக்கு அரசு வைத்திருக்கும் தரப்படி நூற்றுக்கு 90 பங்காவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். இது இறங்கும். ஆனால் பிளாஸ்டிக் துணுக்கும் சேர்ந்தே இறங்கும், சல்லடைக்கு எது பிளாஸ்டிக், எது மண் என்று தெரியாதே. அந்தத் துணுக்கு எங்கள் வீதியிலிருந்துதான் போயிருக்க வேண்டும். அதைப் பிடிக்க வேண்டிய இடம் அடுப்படிதான்.

இதில் ஒரு சின்ன உபாயம் சொல்கிறேன். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டித் தனியாகப் போடாதீர்கள். பாதி வெட்டி, மூலை பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுவிட்டுப் பாலை ஊற்றுங்கள். பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கிக்கொள்கிறார்கள். துண்டு மூலையை உலகத்தில் யாரும் வாங்குவதில்லை.

இனி நீலத் தடுப்பு. இங்கேதான் மார்க் இறங்குகிறது.

வீட்டில் நான் பிரிக்கிறேன். வண்டியில் அக்கா பிரித்தே வாங்குகிறார். அட்டை, பாட்டில், இரும்பு எல்லாவற்றையும் பின்னால் தொங்கும் சாக்கில் தனியே போட்டு, வாரக் கடைசியில் விற்று, கூட வேலை செய்பவர்களோடு பங்கு போட்டுக்கொள்வதாகச் சொன்னார். போடட்டும், அவர்கள் உழைப்பு. ஆனால் வீதி முடிந்து வண்டி எங்கே போகிறது என்று ஒருநாள் ஜாப் ஒர்க் பீஸ் கொடுக்கப் போகும் வழியில் பார்த்தேன். பைபாஸ் முக்கில் ஒரு டிராக்டர் நிற்கிறது. சுற்றுவட்டத்துப் பேட்டரி வண்டிகள் எல்லாம் அங்கே வந்து கொட்டுகின்றன. டிராக்டருக்குத் தடுப்பு இல்லை. உர மையத்தின் அன்றைய அளவு நிரம்பிவிட்டால் பச்சையும் அதே பெட்டியில், நீலமும் அதே பெட்டியில். ஒரு ஊரே காலையில் குனிந்து குனிந்து பிரித்ததை ஒரு டிராக்டர் பத்தே நிமிடத்தில் ஒன்றாக்கிவிட்டுப் போனது.

2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னது: மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் ஆபத்தான கழிவு. 2016 விதியில் மூன்று, எங்கள் வண்டியில் இரண்டு, டிராக்டரில் ஒன்று. குறை எங்கே என்று கேட்டால் இந்த மூன்று எண்களைத்தான் காட்டுவேன். மக்கள் பிரிப்பதில்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் ஒருநாள் காலை எட்டரை மணிக்கு அந்த முக்கில் நின்று பார்க்கட்டும்.

கலந்த குப்பை கிடங்கில் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கோவைக் குப்பை போகும் வெள்ளலூர்க் கிடங்கில் 2024 ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது செய்தியில் எல்லோரும் பார்த்ததுதான். காற்றுப் புகாமல் அடியில் அழுகும் சோறும் காயும் மீத்தேன் வாயுவை விடுகின்றன, மேலே காய்ந்த பிளாஸ்டிக்கும் காகிதமும் இருக்கின்றன, பங்குனி சித்திரை வெயில் வேறு. திருப்பூரில் கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டுவதை எதிர்த்து ஊர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்ததும் பழைய கதையல்ல. குழியில் ஊறி இறங்கும் கறுப்புத் தண்ணி நேராக அவர்கள் கிணற்றுக்குத்தானே போகும்.

ஆக, மக்காத குப்பையில் விலை போவதை நான் இப்போதெல்லாம் வண்டிக்கு முழுசாக நம்பிக் கொடுப்பதில்லை. அட்டைப்பெட்டி, பேப்பர், பால் கவர் மூன்றும் பேப்பர் கடைக்கு. தண்ணி பாட்டிலும் ஜூஸ் பாட்டிலும் அக்காவின் சாக்குக்கு, மூடியைத் திறந்து நசுக்கிக் கொடுத்தால் சாக்கில் நிறையப் பிடிக்கும் என்பார். அந்த பாட்டிலுக்கு நல்ல மறுபிறவி உண்டு. கழுவி, துண்டாக்கி, உருக்கி, பாலியெஸ்டர் இழையாக இழுத்து நூலாக்குகிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டுக்கொண்டு போன நீலநிறக் கையில்லாச் சட்டை பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து வந்தது, அந்தத் துணி நம் கரூர்க்காரர்கள் செய்தது. எங்கள் வீட்டு பாட்டில் அங்கே போனதா என்று கேட்காதீர்கள், சாக்குக்குள் போனதுவரைதான் நான் சாட்சி.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட் ஆகியவற்றைத்தான் யாரும் சீந்துவதில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரித்து உருக்க முடியாது. சேர்த்துக் கட்டினால் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாக அனுப்பலாம். எங்கள் நகராட்சியிலும் கட்டுக் கட்டாக அனுப்புவதைக் கொட்டகையில் பார்த்தேன். அதற்கும் காய்ந்திருக்க வேண்டும், குழம்பு வடிந்த பாக்கெட் எரியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 14 வகைக்குத் தடை இருக்கிறது. மஞ்சப்பை இயக்கமும் 2021 டிசம்பரில் வந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு நான் தூக்குப்போசி கொண்டுபோனால் இன்னும் வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கடைக்காரருக்கு மட்டும் சந்தோஷம், அவருக்குக் கவர் காசு மிச்சம்.

கண்ணாடி பாட்டில் பற்றி ஒரு வரி. எங்கள் வீதி முடியும் இடத்துக் காலி சைட்டில் முன்பெல்லாம் உடைந்த சாராய பாட்டில் காலைக் கிழிக்கும். டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பினால் அந்தக் காசைக் கொடுக்கும் முறை 2022-ல் நீலகிரியில் தொடங்கி, அப்புறம் கோவைப் பக்கமும் வந்தது. நோட்டீஸ் ஒட்டிச் சாதிக்க முடியாததைப் பத்து ரூபாய் சாதிக்கிறது. சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் வைத்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை.

துணிக் குப்பையை வண்டியில் வாங்க மாட்டார்கள், அது தொழில் கழிவு. வாங்காதது சரியே. பனியன் கட்டிங் வேஸ்ட் இந்த ஊரில் குப்பையே கிடையாது. வெள்ளை தனி, கலர் தனி என்று மூட்டை கட்டி வைத்தால் வேஸ்ட் வியாபாரி வந்து எடை போடுவார், வெள்ளைக்கு விலை கூட. அது மறுபடி பஞ்சாகி, கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓ.ஈ. மில்லுக்குப் போய், நூலாகி, போர்வையும் கால்மிதியும் ஆகிறது. இழுத்தால் நீளும் லைக்ரா இழை கலந்த துண்டு சேர்ந்துவிட்டால் மொத்த மூட்டைக்கும் விலை இறங்கும். நகராட்சி குப்பை பிரிக்கச் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் பனியன்காரர்கள் பிரிக்கக் கற்றுக்கொண்டது இப்படித்தான். கலந்தால் காசு போகும் என்று தெரிந்த இடத்தில் யாரும் கலப்பதில்லை.

மூன்றாம் வகைக்கு வருகிறேன். நாப்கின், டயப்பர், ஊசி, காலாவதி மாத்திரை, பல்பு, பெயிண்ட் டப்பா. இதற்கு நான் போடும் மார்க் சைபர்.

நாப்கினையும் டயப்பரையும் தினசரித் தாளில் சுற்றிக் கொடுக்கச் சொல்கிறார்கள். சுற்றிக் கொடுக்கிறோம், நான் தாளின்மேல் சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி போடுகிறேன், பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்று அக்காவுக்குப் புரிவதற்காக. ஆனால் வண்டியில் அதற்கு இடமில்லை, நீலத்தில்தான் விழுகிறது. அட்டையும் பாட்டிலும் அதன் பக்கத்திலேயே. விலை குறைந்த நாப்கின் செய்யும் மெஷினைக் கண்டுபிடித்து உலகத்துக்கே காட்டிய அருணாசலம் முருகானந்தம் நம் கோவைக்காரர். பயன்படுத்திய நாப்கினை என்ன செய்வது என்பதற்கு அப்படி ஒரு பிடிவாதக்காரர் இன்னும் கிளம்பவில்லை.

ஊசி விஷயம் எனக்குக் கோபமே வரவழைக்கும். அந்த அக்கா ஒருநாள் கையுறையைக் கழற்றி விரலைக் காட்டினார். யார் வீட்டு ஊசியோ, காகிதக் குப்பைக்குள் இருந்து குத்தியிருக்கிறது. கையுறையும் மெல்லிசு, கடையில் பாத்திரம் கழுவ விற்கிற ரகம். "டிடி ஊசி போட்டுட்டேனுங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். அந்த மெல்லிசுக் கையுறையை வாங்கிக் கொடுத்த ஒப்பந்தக்காரரை ஒரு நாள் அந்த வண்டிக்குள் கைவிடச் சொல்ல வேண்டும். மாமியாரின் இன்சுலின் ஊசிகளை நாங்கள் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை டேப் ஒட்டி வைக்கிறோம். நிரம்பினால் சுகர் டாக்டர் கிளினிக்கில் வாங்கிக்கொள்கிறார்கள், அவர்களுக்கு மருத்துவக் கழிவு எடுக்கத் தனி வண்டி வருகிறதே. உங்கள் வீட்டில் சுகர்க்காரர் இருந்தால் நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீதியில் பாதிக்கு மேல் லைன் வீடுகள், வரிசையாக ஒட்டிக் கட்டி வாடகைக்கு விட்டவை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பசங்கள், சில குடும்பங்கள். அவர்கள் பிரிக்க மாட்டார்கள் என்று வீட்டு ஓனர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நோட்டீஸ் முழுக்கத் தமிழில் இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஈரத்துக்கு ஒன்று, காய்ந்ததுக்கு ஒன்று என்று அக்காவே இந்தியில் இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டார். "பையா, கீலா இதுல, சூக்கா அதுல" என்று கையைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். இன்றைக்கு எங்கள் வீதியிலேயே சுத்தமாகப் பிரித்துக் கொடுப்பது அந்த லைன் வீட்டு மூன்றாம் கதவுதான். உருளைக்கிழங்குத் தோல் தனியாக, குட்கா கவர் தனியாக. குட்கா தடை செய்த பொருள் ஆச்சே என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அவர்களுடைய உண்மையான சிக்கல் நேரம். நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவர்கள் ஏழு மணிக்கு எழ மாட்டார்கள். காலை ஷிப்ட்காரர்கள் அதற்குள் கம்பெனி வேனில் ஏறியிருப்பார்கள். தெருத்தொட்டிகளை எடுத்துவிட்டார்கள், தொட்டியில்லா நகரமாம். வண்டியைத் தவறவிட்டவன் கவரை எங்கே வைப்பான்? இருட்டினதும் அந்தக் காலி சைட்டில் விழுகிறது, காலையில் நாய் இழுத்துப் போடுகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு வண்டி, லைன் வீடுகள் இருக்கும் வீதிகளுக்கு மட்டும் விட்டால் போதும். பனியன் தொழில் நடக்கும் ஊரில் குப்பை வண்டிக்கு மட்டும் ஒரே ஷிப்ட் என்பது என்ன கணக்கு?

நோம்பி நாட்கள் வண்டிக்குத் தனிப் பரீட்சை. பொங்கலுக்குக் காப்புக் கட்டிய வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ, கரும்புச் சக்கை எல்லாம் சேர்ந்து வரும் வாரம் உர மையத்துக்கு விருந்து. ஆயுத பூஜைக்கு மறுநாள்தான் பாவம். கம்பெனி வாசல்களில் வாழைமரம், உடைத்த பூசணிக்காய், அதனுள் குங்குமமும் சில்லறையும். சில்லறையைப் பசங்கள் பொறுக்கிவிடுவார்கள், மீதியைக் கூட்டி அள்ள சீமாறும் மண்வெட்டியும் போதவில்லை. அந்த இரண்டு நாள் மட்டும் கூடுதல் ஆள் போட்டிருந்தார்கள், அதற்கு ஒரு சபாஷ்.

கவுன்சிலரிடம் டிராக்டர் விஷயத்தைச் சொன்னேன். நடுவில் தகரம் வைத்துத் தடுப்பு அடிக்க வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை என்று வீட்டுக்காரர் கணக்கே போட்டுக் கொடுத்தார். "எழுதிக் குடுங்க அக்கா, கூட்டத்துல வெக்கறேன்" என்றார் கவுன்சிலர். எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊசிக்கும் டயப்பருக்கும் வண்டிப் பின்னால் மூடி போட்ட சிவப்பு வாளி ஒன்று என்பதையும் அதிலேயே சேர்த்தேன்.

இன்னும் ஒரு சாமான் பாக்கி. 2006-ல் வந்த ஆட்சியில் அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி, 14 இஞ்ச், எங்கள் அட்டாலியில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும். அதன் பின்பக்கக் குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் போட்டால் செம்புக் கம்பியை மட்டும் உருவிக்கொண்டு கண்ணாடியை ஏதாவது பள்ளத்தில் உடைத்துப் போட்டுவிடுவார், எனவே கொடுக்கவில்லை. மின்னணுக் கழிவு வாங்க வார்டு ஆபீசில் ஒரு சனிக்கிழமை முகாம் போடப்போவதாகப் போன வாரம் நோட்டீஸ் வந்தது. தேதி இடத்தில் இன்னும் கோடுதான் இருக்கிறது. தேதி போட்டதும் டிவியை இறக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வாங்கினார்களா, திருப்பி அனுப்பினார்களா என்பதை இதற்குக் கீழேயே எழுதுகிறேன்.